‘அடியன்’ என்ற சொல்லும் ‘ஞான்’ என்ற குரலும்: திருவிதாங்கூர் அடிமைகளின் வேத வாழ்விலிருந்து சில பக்கங்கள்

இந்தியாவின் எந்த நகரத்துப் பெந்தெகொஸ்தே கூடுகைக்குச் சென்றாலும் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். போதகர் ஒரு வாக்கியம் சொல்வார். சபை அதைத் தன்மை ஒருமையில் திருப்பிச் சொல்லும். நான் சபிக்கப்பட்டவன் அல்லன், நான் தேவனுடைய பிள்ளை, நான் தாழ்ந்துபோவதில்லை என்ற வகையில் அது தொடரும். மனத்திற்குள் நினைத்தால் போதாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. நாவுக்கு வாழ்வையும் சாவையும் தரும் ஆற்றல் உண்டு என்னும் நீதிமொழிகள் 18:21 இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். வாயின் அறிக்கையையும் இருதயத்தின் நம்பிக்கையையும் இணைத்துப் பேசும் உரோமர் 10ஆம் அதிகாரமும் காட்டப்படும். இந்த வழக்கத்தின் அண்மைக் கால வரலாற்றை எழுதுவோர் எசக் வில்லியம் கென்யன் (1867–1948), கென்னத் ஹேகின் (1917–2003) ஆகிய இரு அமெரிக்கப் போதகர்களிடம் போய் நிற்பார்கள். பின்பு, இது சந்தைப் பொருளாதாரத்தின் பக்தி வடிவம் என்றொரு வரியை எழுதி முடித்துக்கொள்வார்கள். நானும் சில ஆண்டுகளுக்கு முன்வரை அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரி என் கையில் தடைப்பட்டதற்குக் காரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரைப் பற்றிய மிஷனரிப் பதிவுகளில் நான் கண்ட ஒரு சிறு பகுதி. ‘நான்’ என்று வாய்விட்டுச் சொல்வதே குற்றமாயிருந்த ஒரு மக்கள் கூட்டம் அங்கே இருந்தது. அவர்கள் கிறிஸ்தவத்திற்கு வந்தபோது அவர்களிடம் முதலில் கேட்கப்பட்டவற்றுள் ஒன்று, ‘நான்’ என்று சொல் என்பதாகும். சொல்லின் வல்லமை என்னும் பேச்சுக்கு இந்தியாவில் அமெரிக்காவிலிருந்து வராத ஒரு வரலாறு உண்டு. அதைப் பற்றியே இந்த நெடும் பதிவு.

லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் திருவனந்தபுரத்தில் பணியாற்றியவர். ‘தி லேண்ட் ஆஃப் சாரிட்டி’ என்னும் அவருடைய நூல் 1871இல் வெளிவந்தது. ‘தரும பூமி’ என்று திருவிதாங்கூர் தன்னைத்தானே அழைத்துக்கொண்டதை அந்தத் தலைப்பு சற்றே குத்திக்காட்டுகிறது. புலையர் மேற்சாதியாரிடம் பேசும் முறையை அதில் அவர் விவரிக்கிறார். புலையன் தன்னை ‘ஞான்’ என்று சொல்லத் துணியமாட்டான், ‘அடியன்’ என்றே சொல்வான். தான் உண்ணும் சோற்றைச் ‘சோறு’ என்று சொல்லக்கூடாது, ‘கரிக்காடி’ என்று சொல்ல வேண்டும். அழுக்குக் கஞ்சி என்பது பொருள். சாப்பிடப் போகிறேன் என்று விடை கேட்கக்கூடாது, தண்ணீர் குடிக்கப் போவதாகக் கேட்க வேண்டும். இருப்பிடத்தை வீடென்று சொல்லலாகாது. பெற்ற பிள்ளைகளைக் குரங்குகள் என்றோ கன்றுகள் என்றோ குறிப்பிட வேண்டும். இவ்வளவையும் வாயைக் கையால் பொத்திக்கொண்டே சொல்ல வேண்டும், மூச்சுக்காற்று எதிரிலிருப்பவரைத் தீட்டுப்படுத்திவிடும் என்பதற்காக.

இந்தப் பட்டியலை மரியாதைப் பன்மை, பணிவு வழக்கு ஆகியவற்றோடு சேர்த்துச் சமூக மொழியியல் பாடத்தில் ஒரு பக்கத்தில் கடந்துவிடுவது எங்கள் துறையின் பழக்கம். இதைப் பணிவு வழக்கு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பணிவு என்பது பேசுபவர் தேர்ந்துகொள்வது. இங்கே தேர்வு இல்லை. தன்னையும் உணவையும் வீட்டையும் குழந்தைகளையும் இழிவுபடுத்தாமல் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க இயலாதபடி ஒரு மொழி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒருவன் தன் பிள்ளையைக் குரங்கு என்று சொல்லியிருப்பான், அதைக் கேட்டுக்கொண்டு அருகே நின்ற பிள்ளை என்ன நினைத்திருக்கும் என்பதற்கெல்லாம் நம்மிடம் ஆவணம் இல்லை.

வீட்டுக்கான சொற்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வடக்கே மலபாரில் கலெக்டராயிருந்த வில்லியம் லோகன், 1887இல் வெளியான தம் ‘மலபார்’ நூலில், வாழ்பவரின் சாதியைப் பொறுத்து வீட்டின் பெயர் மாறுவதைக் காட்டுகிறார். அடிமைச் செறுமரின் குடிசை சாள, பறையருடையது சேரி, தீயருடையது புர அல்லது குடி, சாதாரண நாயருடையது வீடு, அரசருடையது கோவிலகம் அல்லது கொட்டாரம், நம்பூதிரியுடையது இல்லம். அந்த வரிசையில் ‘வீடு’ என்பது பொதுப்பெயரே அன்று, ஒரு படிநிலையின் பெயர். தமிழிலிருந்து மலையாளத்துக்குள் நுழையும் மாணவருக்கு இது முதல் அதிர்ச்சி. நமக்கு மிகச் சாதாரணமான ஒரு சொல், அங்கே ஒருவருடைய வாயில் வரம்பு மீறலாகிவிடும்.

இனி ‘அடியன்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். தமிழ் வாசகருக்கு உடனே ‘அடியேன்’ நினைவுக்கு வரும். வைணவ இல்லங்களில் இன்றும் பெரியோர் தம்மைச் சொல்லிக்கொள்ளும் சொல் அது. தாழ்வைக் காட்டிலும் உறவின் பெருமையே அதில் ஒலிக்கிறது. இரண்டும் ஒன்றுதானே, மலையாளத்தில் ஓசை சற்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான் என்று தோன்றலாம். ஆனால் இலக்கணம் வேறொன்றைச் சொல்கிறது. ‘அடியேன்’ என்பதன் இறுதியில் நிற்கும் ‘ஏன்’ தன்மை ஒருமை விகுதி. வந்தேன், சென்றேன் என்பவற்றில் வரும் அதே விகுதி. அடி பணிந்தாலும் ‘நான்’ அந்தச் சொல்லுக்குள்ளேயே உயிரோடிருக்கிறது. ‘அடியன்’ என்பதில் அது இல்லை. அங்கே இருப்பது ‘அன்’, அவன் என்பதில் வரும் படர்க்கை விகுதி. பேசுகிறவனே தன்னை அங்கில்லாத யாரோ ஒருவனைப் போலச் சுட்டுகிறான்.

வினைச்சொல்லாவது அவனைக் காப்பாற்றியிருக்குமா என்றால், அதுவும் இல்லை. தமிழில் ‘அடியேன் வந்தேன்’ என்னும்போது வினைமுற்றும் தன்மையைக் காட்டுகிறது. மலையாள வினையோ எண், இடம், பால் காட்டும் விகுதிகளை இழந்துவிட்டது. ஏ. ஆர். ராஜராஜ வர்மா தம் ‘கேரளபாணினீய’த்தில் (முதற்பதிப்பு 1896), தமிழிலிருந்து மலையாளம் விலகிய வழிகளை விளக்கும் ஆறு நயங்களுள் ஒன்றாகப் ‘புருஷபேத நிராச’த்தைக் கூறுவது இதைத்தான். ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு என எல்லாவற்றுக்கும் வினை ஒன்றே. ஆகையால் மலையாள வாக்கியத்தில் பேசுபவனுடைய இடத்தைத் தாங்கிநிற்பது பெரும்பாலும் அந்தப் பெயர்ச்சொல் ஒன்று மட்டுமே. அதைப் பறித்துவிட்டால் வாக்கியத்தில் தன்மையின் சுவடே இல்லை. வேறு பல மொழிகளில் ‘நான்’ என்ற சொல்லைத் தடைசெய்தாலும் வினை அதைக் கசியவிடும். மலையாளத்தில் கசிவதற்கும் வழி இல்லை. மொழி மாற்றத்தின் இயல்பான விளைவு ஒன்றைச் சாதி தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது என்பதே என் வாசிப்பு. சாதிக்காகவே மொழி அப்படி மாறியது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அபத்தம்.

தமிழ்ப் பகுதி தூய்மையானது என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். தஞ்சை வயல்களில் ‘ஆண்டே’ என்று விளித்த குரல்களின் வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.

ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில், சில வாக்கியங்கள் செய்தியைச் சொல்வதில்லை, செயலையே செய்கின்றன என்று காட்டினார். வாக்களிக்கிறேன், மன்னிப்புக் கேட்கிறேன், பெயரிடுகிறேன் என்பன போல. இவற்றின் முதன்மையான வடிவம் தன்மை ஒருமை, நிகழ்காலம் என்பது அவர் கவனித்த உண்மை. எமில் பென்வெனிஸ்த் இன்னும் ஒரு படி மேலே போய், ‘நான்’ என்று சொல்பவனே மொழியில் ‘நான்’ ஆகிறான், அதற்கு முன்பு அப்படி ஒருவன் மொழியில் இல்லை என்று வாதிட்டார். பாரீசிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் இவை தத்துவ நுட்பங்கள். திருவல்லாவைச் சுற்றியுள்ள வயல்களில் இவற்றுக்கு எலும்பும் தசையும் உண்டு. ‘ஞான்’ என்று சொல்லக் கூடாதவன் எதற்கு வாக்களிப்பான்? யாருக்குச் சாட்சியாவான்? அவனை விற்கலாம், அடகு வைக்கலாம், குத்தகைக்கு விடலாம். அவனோடு ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைத்தனத்துக்கான சட்டப் பாதுகாப்பை நீக்கியது. திருவிதாங்கூர் தனி அரசு. அங்கே மிஷனரிகள் 1847இல் மன்னரிடம் விண்ணப்பம் அளித்தனர். 1853இலும் 1855இலும் அரச விளம்பரங்கள் வந்தன. அடிமைகள் சட்டப்படி விடுதலையடைந்தனர். நிலம் எவரிடம் இருந்ததோ அவரிடமே இருந்தது. பேச்சு முறையும் அப்படியே இருந்தது. மட்டீரின் நூல் விடுதலைக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து வெளிவந்தது என்பதை மறக்க வேண்டாம்.

தென் திருவிதாங்கூரில் மயிலாடி வேதமாணிக்கத்தின் அழைப்பின்பேரில் ரிங்கல்தவுபே 1806இல் வந்து பணியைத் தொடங்கியதால், ஒடுக்கப்பட்டோரிடையே கிறிஸ்தவம் அங்கே முன்பே வேர்விட்டிருந்தது. வடக்கே, சர்ச் மிஷனரி சங்கத்தின் பகுதியில், மல்லப்பள்ளியை அடுத்த ‘கைப்பற்ற’ என்னும் ஊரில் 1850ஐ ஒட்டி அடிமைகளுக்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. 1854இல் தெய்வத்தான் என்னும் அடிமை அங்கே ஆபேல் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். அச்சங்கத்தின் திருவிதாங்கூர்ப் பணியில் அடிமைகளிடையே முதல் திருமுழுக்காக அது நினைவுகூரப்படுகிறது. விவிலியத்தில் முதலில் கொலையுண்டவனின் பெயரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அதே மல்லப்பள்ளிப் பகுதியில் ஊழியம் செய்த ஜார்ஜ் மாத்தன் என்னும் பாதிரியாரே 1863இல் ‘மலயாழ்மயுடெ வியாகரணம்’ என்ற நூலை வெளியிட்டார். மலையாளத்துக்கு அம்மண்ணைச் சேர்ந்த ஒருவர் எழுதிய முதல் முழு இலக்கணம் அது என்பர். மொழியின் இலக்கணத்தை எழுதிய கைகளும், ‘ஞான்’ என்று சொல்ல இயலாதவர்களுக்கு வேதம் சொல்லிய வாயும் ஒருவருக்கே உரியவை. இந்தத் தற்செயலை ஒரு மொழியியல் மாணவன் எப்படிக் கடந்துபோவான்!

அந்தப் பள்ளிகளில் என்ன நடந்தது? பெரும்பாலும் எழுத்தல்ல, ஒலி. பகல் முழுவதும் தம்புரானின் வயலுக்குச் சொந்தம். ஆகவே கூடியது இரவில். ஓர் ஆசிரியர் ஒரு வரி சொல்வார், மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம் ஆகியவை அப்படி மனப்பாடமாயின. இது கல்வியே அன்று, கிளிப்பிள்ளைப் பாடம் என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி: வெறும் கிளிப்பாடத்துக்கு நிலவுடைமையாளர் ஏன் அத்தனை அஞ்சினார்கள்? கொட்டகைகளைக் கொளுத்தினார்கள், ஆசிரியர்களை அடித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டோம் என்றவர்களைத் துன்புறுத்தினார்கள். சனல் மோகனின் ‘மாடர்னிட்டி ஆஃப் ஸ்லேவரி’ (2015) இந்த இரவு ஜெபங்களை மிகுந்த அக்கறையோடு ஆராய்கிறது. இத்துறையில் ஒரேயொரு நூலை மட்டும் படிக்க நேரமுள்ள மாணவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

மனப்பாடமான அந்த வாசகங்களைச் சற்று உற்றுக் கேட்க வேண்டும். ஆங்கிலத் திருச்சபையின் திருமுழுக்கு முறையில், வயதுவந்தவர் ஒவ்வொரு கேள்விக்கும் தம் வாயாலேயே விடை சொல்ல வேண்டும். துறக்கிறேன், நம்புகிறேன், விரும்புகிறேன் என்று ஒவ்வொரு விடையும் தன்மை ஒருமை. ஞானப்பெற்றோர் அருகிருந்தாலும் அவருக்காக விடை சொல்ல முடியாது. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணமும் ‘நான் நம்புகிறேன்’ என்றே தொடங்குகிறது. மலையாளத்தில் அங்கே வருவது ‘ஞான்’. ஆஸ்டின் சொன்ன செயல்வாக்கியத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது. விலைக்கு விற்கப்பட்டுவந்த ஒருவரிடம், பலர் முன்னிலையில், உன் வாக்கு இல்லாமல் இந்தச் சடங்கு நிறைவேறாது என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. அதன் இறையியலை ஏற்காதவரும் அதன் இலக்கணத்தை மறுக்க முடியாது.

கர்த்தருடைய ஜெபம் இன்னும் சிக்கலானது. தமிழில் ‘எங்கள் பிதா’, மலையாளத்தில் ‘ஞங்ஙளுடெ பிதா’. நாம், நாங்கள் என்ற வேறுபாடு நம் மொழிகளின் செல்வம். முன்னிலையாரைச் சேர்த்துக்கொள்வது ஒன்று, விலக்குவது மற்றொன்று. கடவுளிடம் பேசும்போது கடவுளை விலக்கிய ‘ஞங்ஙள்’ என்பது இலக்கணப்படி சரி. ஆனால் அந்த ‘ஞங்ஙள்’ என்பதற்குள் யார் யார் அடங்குவர்? நிலவுடைமையாளர்களில் பலர் சிரியன் கிறிஸ்தவர்கள், இதே ஜெபத்தைப் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவருபவர்கள். வயலில் ‘அடியன்’ என்றவன் இரவில் ‘ஞங்ஙளுடெ’ என்று சொல்லும்போது, ஒரே தந்தையின் பிள்ளைகளாகத் தம்புரானையும் தன்னையும் ஒரு பன்மைக்குள் வைத்துவிடுகிறான். மேற்சாதிக் கிறிஸ்தவர்கள் இதை நன்றாகவே புரிந்துகொண்டார்கள் என்றே நினைக்கிறேன். புலையரும் பறையரும் வந்தபோது, தனிக் கூடங்கள், தனி இருக்கைகள், தனி வேளைகள் என்று அவர்கள் கேட்டதற்கு வேறென்ன பொருள்?

இங்கே நான் எனக்கே ஒரு தடை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இதுவரை சொன்னவை விடுதலைக் கதையாக வளர்ந்துகொண்டு போகின்றன. இரண்டு காரணங்களால் அதை அப்படியே விட்டுவிட முடியாது. முதலாவது, நம் சான்றுகள் மிஷனரிகளின் கைவழி வந்தவை. இங்கிலாந்தில் நன்கொடை தருவோருக்காக எழுதப்பட்டவை பல. புலையர் பேச்சை எழுதிவைத்தவரும் புலையர் அல்லர்.

இரண்டாவது காரணம் விவிலிய மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. சிறுவன் சாமுவேல் இரவில் கடவுளின் அழைப்புக்கு மறுமொழி சொல்லும் இடத்தைத் தமிழில் பாருங்கள். அவன் தன்னை ‘அடியேன்’ என்கிறான். இன்றும் வழக்கிலுள்ள 1910ஆம் ஆண்டு மலையாள மொழிபெயர்ப்பில் அவன் ‘அடியன்’. அவன் தாய் அன்னாள் பிள்ளை கேட்டு வேண்டுமிடத்தில் தமிழ் விவிலியம் ‘அடியாள்’ என்று பால் காட்டுகிறது. மலையாளத்தில் அவளும் ‘அடியன்’தான். ஆக, வயலில் தம்புரானிடம் எந்தச் சொல்லைச் சொன்னார்களோ, அதே சொல்லைக் கொண்டே கடவுளிடமும் பேசக் கற்றுக்கொண்டார்கள். கடவுளுக்கு மட்டுமே அடிமை என்றால் மனிதனுக்கு அடிமையல்ல என்று இதை விளக்கலாம். பக்தி மரபு அப்படித்தான் விளக்கும். எதிர்ப்புறமாக, தம்புரானின் பீடத்தில் கடவுளை அமர்த்திவிட்டார்கள் என்றும் விளக்கலாம். கேட்டவர்களின் செவியில் எது விழுந்தது என்பது மொழிபெயர்ப்பாளர் கையில் இல்லை. அந்த அன்னாளின் கதையில் வேறொன்றும் உண்டு. அவள் உதடுகள் மட்டும் அசைந்தன, குரல் எழவில்லை. ஆலயத்தில் அமர்ந்திருந்த குரு அவளைக் குடிகாரி என்று எண்ணிக்கொண்டார். வாய் பொத்திப் பேசவே அனுமதிக்கப்பட்டிருந்த பெண்கள் இந்தப் பகுதியை இரவில் கேட்டபோது அது வெறும் பழங்கதையாக இருந்திருக்காது.

1892இல் மலபாரில் போத்தேரி குஞ்ஞம்பு வெளியிட்ட ‘சரஸ்வதீவிஜயம்’ நாவலையும் இங்கே சேர்த்துப் படிக்கலாம். அதில் புலைய இளைஞன் ஒருவன் நம்பூதிரியின் கட்டளைப்படி அடிபடுகிறான். அவன் செய்த குற்றம் பாடியது. இறந்துவிட்டான் என்று கருதப்பட்டவன் பின்னர் கிறிஸ்தவனாகி, படித்து, நீதிபதியாக வருகிறான். குஞ்ஞம்பு தீயர் சாதியைச் சேர்ந்த வழக்கறிஞர், மிஷனரி அல்லர். கதையின் அச்சாணியாக அவர் தேர்ந்துகொண்டது திருட்டையோ தீட்டையோ அல்ல, ஒரு குரல் எழுந்ததை என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் அந்தக் குரல் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் போய் அமர்கிறது. நாவல் கலையாகச் சற்றுத் தட்டையானதுதான். ஆனால் எந்த இடத்தில் வலிக்கும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது.

இந்த வரலாறு முழுவதும் வந்து திரளும் ஒரே மனிதர் பொய்கயில் யோகன்னான். 1879இல் திருவல்லாவுக்கு அருகே இரவிபேரூரில் பறையர் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் கண்டனும் லேச்சியும், சங்கரமங்கலம் என்னும் சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அடிமைப்பட்டவர்கள். பிள்ளைக்கு இட்ட பெயர் குமாரன் என்றும் கொமரன் என்றும் சொல்லப்படுகிறது. திருமுழுக்கில் யோகன்னான் ஆனார். மார்த்தோமா சபையில் தொடங்கி, பிரதரன் குழுவுக்கும் அதன்பின் வேர்பாடு சபைக்கும் சென்றார். ஒவ்வோரிடத்திலும் வேதம் ஒன்று, உட்காருமிடம் வேறு என்பதைக் கண்டார். எல்லாவற்றையும் விட்டு வெளியேறி 1909இல் அவர் உருவாக்கியதே பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை. ‘பிரத்யட்ச’ என்னும் அடைமொழியைக் கவனிக்க வேண்டும். மறுமையில் வருவதல்ல, கண்முன்னே காணும் மீட்பு.

யோகன்னானின் ஆயுதம் பேச்சும் பாட்டும். அவருடைய கூட்டங்கள் மேற்சாதிக் கிறிஸ்தவர்களால் தாக்கப்பட்டன. அந்தத் தாக்குதல்களை ‘லஹள’ என்று ஊர்ப்பெயரோடு சேர்த்து அவருடைய மக்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பவுல் ரோமருக்கு எழுதினார், கொரிந்தியருக்கு எழுதினார். திருவிதாங்கூர்ப் புலையருக்கும் பறையருக்கும் எழுதிய நிருபம் எங்கே என்று அவர் கேட்டதாக மரபு சொல்கிறது. வாகத்தானத்தில் விவிலியத்தை எரித்ததாகவும் அதே மரபு சொல்கிறது. எரித்தார் என்பதைவிட அந்தக் கேள்வியே ஆழமானது என்பது என் கருத்து. அது முன்னிலையைப் பற்றிய கேள்வி. ‘நான்’ என்று சொல்லக் கற்றவன் அடுத்துக் கேட்பது, என்னை ‘நீ’ என்று அழைத்தவர் யாராவது இந்த நூலில் உண்டா என்பதைத்தான். எழுதப்பட்ட வரலாறுகளில் தம் குலத்தைப் பற்றி ஏதுமில்லை என்னும் வேதனை அவருடைய பாடல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பாடல்களும் நெடுங்காலம் வாய்வழியே வாழ்ந்து பிற்காலத்தில்தான் அச்சேறின.

அவருடைய உரைகளின் உள்ளடக்கம் இன்றைய ‘நேர்மறை அறிக்கை’யின் நேர் எதிர். அவர் தம் மக்களிடம் நீங்கள் உயர்ந்தவர்கள், வெற்றி பெற்றவர்கள் என்று சொல்லச் சொல்லவில்லை. அடிமைக் காலத்தை நினைக்கச் சொன்னார். தகப்பன் ஓரிடத்துக்கும் தாய் வேறிடத்துக்கும் விற்கப்பட்டு, பிள்ளைகள் அநாதைகளாய் அழுதுநின்ற கதையை அவர் கூட்டங்களில் விரித்துரைப்பார். கேட்டவர்கள் கதறி அழுவார்கள். தம் மக்களுக்கு அவர் கொடுத்த பெயர் ‘அடிமசந்ததிகள்’, அடிமைகளின் வழிவந்தோர். பறையர், புலையர், குறவர் என்று பிரிந்து நின்றவர்களை ஒன்றாக்கும் பெயராக அது அமைந்தது. ‘அடியன்’ என்ற சொல்லின் மீது அவர் செய்த வேலை இது என்று நான் புரிந்துகொள்கிறேன். அந்தச் சொல் ஒருவனை அவனுடைய தம்புரானோடு மட்டுமே இணைத்தது. அதில் ‘எவருடைய’ அடியன் என்ற கேள்வியே முதன்மை. ‘அடிமசந்ததி’ என்பதில் தம்புரானுக்கு இடமில்லை. அது முன்னோரோடும் பக்கத்திலிருப்பவரோடும் இணைக்கிறது. இழிவை மறைக்காமல், இழைக்கப்பட்ட அநீதியாக அதை உரக்கச் சொல்வதும் தன்மதிப்பின் ஒரு வடிவம். கென்யனையும் ஹேகினையும் மட்டும் வைத்து வாயின் அறிக்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரண்டாம் வகையைத் தவறவிடுகிறார்கள்.

அதற்காக முதல் வகையை ஏளனம் செய்யவும் எனக்கு இப்போது மனம் வரவில்லை. பகலெல்லாம் ‘ஏய்’ என்று அழைக்கப்படும் ஒரு துப்புரவுப் பணியாளர் மாலையில் கைகளை உயர்த்தி, நான் தேவனுடைய பிள்ளை என்று உரக்கச் சொல்லும்போது, அதைக் கேட்கும் ஆய்வாளரின் உதட்டோரச் சிரிப்பில் கொஞ்சம் பழைய தம்புரானும் இருக்கக்கூடும். காணிக்கைப் பெட்டியின் பொருளாதாரத்தை விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். அந்தத் தன்மை ஒருமையை விமர்சிக்க நமக்கு உரிமை குறைவு.

குரல் சபைக் கூரையைத் தாண்டியும் சென்றது. 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி 1911இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். யோகன்னான் 1921இலும் 1931இலும் அதே அவையில் இடம்பெற்று நிலம், பள்ளி, வேலை ஆகியவற்றைக் கேட்டார். தெருவில் நடக்கவே தடையிருந்த மக்களின் பிரதிநிதிகள் திவானின் முன் எழுந்துநின்று பேசினார்கள். 1939இல் யோகன்னான் மறைந்தார். சபையினருக்கு அவர் இன்று ஸ்ரீ குமார குருதேவன்; பிறந்தபோது இட்ட பெயர் ஒரு சுற்றுச் சுற்றி, மதிப்போடு திரும்பி வந்திருக்கிறது.

பெயர்களின் கதை அத்துடன் முடியவில்லை. குடியரசுத் தலைவரின் 1950ஆம் ஆண்டு ஆணை பட்டியல் சாதியினர் என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவத் தலித்துகளும் இஸ்லாமியத் தலித்துகளும் இன்றுவரை வெளியேதான். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அளித்த அறிக்கை இந்த மத வரம்பை நீக்கப் பரிந்துரைத்தது, நிறைவேறவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. கேரளத்தில் மதம் மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோருடன் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஆக, ‘நான் நம்புகிறேன்’ என்ற அறிக்கைக்கு அரசும் ஒரு விலை வைத்திருக்கிறது. சபைக்குள் சொன்னால் ஆத்துமா மீட்கப்படும், வட்டாட்சியர் அலுவலகத்தில் சொன்னால் சான்றிதழ் பறிபோகும்.

இதனால் தென்னிந்தியத் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. திருமுழுக்குப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் மற்றொன்று. பெயர் என்ன என்று யாராவது கேட்டால், கேட்பவர் யார் என்பதை ஒரு கணம் பார்த்துக்கொண்ட பிறகே அந்தப் பிள்ளை வாய் திறக்கிறது.